நல்ல நேரத்தில் மூட்டும் தீ

திருப்பூர், ஈரோடு பக்கம் புதுச் சாயப்பட்டறைக்கு பாய்லர் வந்து இறங்கியதும் ஜோசியரிடம் நாள் குறிப்பது வழக்கம். சந்தனம், குங்குமம், அடுப்புக் கதவில் மாலை. ராகுகாலத்துக்கு முன் தீ மூட்டிவிட வேண்டும், சாயங்காலமே ஸ்டீம் வேண்டும். பூஜையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தச் 'சாயங்காலமே'தான் பயமுறுத்துகிறது.

அடுப்புக்குள் கட்டியிருக்கும் நெருப்புச் செங்கல்லும் பூச்சும் ஈரத்தோடு இருக்கும். எடுத்த எடுப்பில் விறகை அள்ளிப் போட்டால், உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகிப் பூச்சை வெடிக்க வைக்கும். சின்னத் தீ வைத்து, நாள்கணக்கில் மெல்ல உலர்த்துவதே முறை. குழாய்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போக, ரசாயனம் கலந்த தண்ணீரைக் காய்ச்சி வெளியேற்றவும் வேண்டும். இதற்கெல்லாம் பஞ்சாங்கத்தில் இடமில்லை.

தீ மூட்டும்போது மேலே இருக்கும் ஏர் வால்வு திறந்தே இருக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்று முழுக்கப் போய், ஸ்டீம் சீராக வந்த பிறகுதான் மூடலாம். மெயின் வால்வைத் திறப்பதிலும் அவசரம் ஆகாது. லைனில் தேங்கிய தண்ணீரை வடிக்காமல் சட்டென்று திறந்தால், அந்தத் தண்ணீர் பாய்ந்து வளைவுகளில் மோதி, குழாயையே பிளந்துவிடும்.

1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போன பிறகுதான், மறு ஆண்டு வங்காளத்தில் இதற்கென்று சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1923இல். இப்போது 2025இல் புதிய சட்டம். பதிவு, சான்றிதழ், வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் தண்ணீர்ச் சோதனை என்று காகிதத்தில் குறையில்லை. ஆனால் நள்ளிரவு ஷிப்டில் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நிற்பது காகிதம் அல்ல, ஒரு மனிதர்.

அந்தக் கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை என்றால், பதற்றத்தில் கை முதலில் பம்ப் சுவிட்சுக்குத்தான் போகும். அதுதான் ஆபத்து. தண்ணீரில்லாமல் பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் நொடியில் ஆவியாகும். சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். விறகு அடுப்பை சுவிட்சைத் தட்டி அணைக்கவும் முடியாது. விசிறியை நிறுத்தி, தீயைச் சாம்பலால் மூடி, தானாக ஆறும்வரை தண்ணீர் விடாமல் காத்திருக்க வேண்டும். அதற்கு அரை நாளுக்கு மேலும் ஆகலாம். தொட்டியில் கிடக்கும் துணி பாழாகும்.

வங்கி வட்டியும் ஏற்றுமதித் தேதியும் கழுத்தை நெரிப்பதாக முதலாளிகள் சொல்கிறார்கள். நெரிக்கட்டும். பழகிய ஃபயர்மேனுக்குப் பதிலாகப் பாதிச் சம்பளத்தில் நேற்று வந்த பையனை நிறுத்தும் பட்டறைகளில், தீயை ஆற்றவேண்டி வந்தால் அவன் முதலில் நினைப்பது திட்டு வாங்குவதைத்தான். சான்றிதழ் பெற்றவர்தான் பாய்லரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவரை வையுங்கள். யாரையும் கேட்காமல் தீயை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்கு எழுத்தில் கொடுத்து, பாய்லர் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டிவையுங்கள்.