விற்ற வீட்டிலிருந்து வெளியேறுவது எப்போது?

 

வீடொன்றை வாங்கும்போது நாம் எவற்றையெல்லாம் பேசுகின்றோம்? விலையைப் பேசுகின்றோம். உறுதி தெளிவானதா, எல்லைகள் சரியா, வங்கியில் ஈடு இருக்கின்றதா எனத் தேடிப் பார்க்கின்றோம். சாவி எந்த நாளில் கைமாறும் என்பதை மட்டும் "அதற்கென்ன, பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று விட்டுவிடுகின்றோம். நொத்தாரிசின் அலுவலகத்தில் ஸலாம் கூறிக் கைகொடுத்துப் பிரிந்த இரு குடும்பத்தார், சில மாதங்கள் கழித்துப் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் முன்னிலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்ந்திருப்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணமாகும்.

இத்தகைய பிணக்குகளில் இரு சாராரிடமும் நியாயம் இருக்கவே செய்கின்றது. கிழக்கு மாகாணத்திலே மகளுக்கு வீடு கொடுத்து நிகாஹ் முடிக்கும் வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. (அவ்வழக்கத்தின் நன்மை தீமைகளை இங்கு பேசப் புகவில்லை.) மத்திய கிழக்கில் பல வருடங்கள் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வாப்பா வீடு வாங்குகின்றார். நிகாஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் வீட்டைத் திருத்திப் பெயின்ட் பூச வேண்டும். விற்றவரோ அதே பணத்தைக் கொண்டுதான் தமக்கொரு சிறிய வீட்டைக் கட்டுகின்றார். கூரை வேலை முடியவில்லை. மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கின்றான். ஒருவருக்கு வீடு வாங்கியும் வீடில்லை. மற்றவருக்கோ போவதற்கு இடமில்லை.

இங்கு நாம் முதலில் கவனிக்க வேண்டியது தவணை பற்றியதாகும். "கூரை போட்டதும் போய்விடுவோம்", "மகள் பிள்ளை பெற்று நாற்பது கழிந்ததும் தந்துவிடுவோம்" என்பன நமது ஊர்களில் சாதாரணமாகச் சொல்லப்படும் வார்த்தைகள். ஜாஹிலிய்யாக் கால அரபிகளும் இவ்வாறே செய்தனர். ஓர் ஒட்டகம் குட்டி ஈன்று, அக்குட்டியும் வளர்ந்து ஈனும் வரை எனத் தவணையிட்டு வியாபாரம் செய்தனர். நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள் என இப்னு உமர் (ரழி) அறிவிக்கின்றார்கள் (புஹாரி, முஸ்லிம்). மதீனாவில் மக்கள் பழங்களுக்கு ஓரிரு வருடங்கள் முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தபோதும் அளவும் நிறையும் தவணையும் அறியப்பட்டவையாக இருக்க வேண்டும் என்றே பணித்தார்கள். ஒட்டகத்தின் பிரசவத்துக்கும் நமது கூரை வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மேசன்மார் வருவதாகச் சொன்ன நாளை நம்பியிருந்தவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை! தவணை என்பது ஒரு சம்பவமன்று, ஒரு திகதி.

அவ்வாறெனில், "வீட்டை விற்கின்றேன், ஆயினும் மூன்று மாதங்கள் நானே குடியிருப்பேன்" என்று திகதியிட்டு நிபந்தனை விதித்தால் கூடுமா? இதில் இமாம்கள் கருத்து வேறுபடுகின்றனர். ஜாபிர் (ரழி) அவர்கள் ஒரு பயணத்தில் தமது ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களுக்கு விற்றபோது, மதீனா சேரும் வரை அதில் தாமே ஏறி வருவதாக நிபந்தனையிட்டார்கள். ஊர் வந்து ஒட்டகத்தை ஒப்படைத்ததும், நபியவர்கள் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதனை ஆதாரமாகக் கொண்டு, விற்றவர் குறித்த காலம் வரை பயன்பெறுவதாக நிபந்தனையிடலாம் என ஹன்பலி மத்ஹபினர் கூறுகின்றனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அது குறுகியதாயின் ஆகுமென்கின்றார்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலும் ஹனபி மத்ஹபிலும் அந்நிபந்தனை கூடாது. நபியவர்களின் செயல் ஜாபிருக்குச் செய்த உபகாரமே என்பது அவர்களது விளக்கம்.

எனவே கருத்து வேறுபாட்டுக்குள் புகாமல் இலகுவாக நடந்துகொள்ளும் வழியொன்று உண்டு. விற்பவருக்கு அவகாசம் தேவையாயின், அந்த அவகாசத்தை உறுதிக்குப் பின்னர் வையாமல் உறுதிக்கு முன்னர் வையுங்கள். முதலில் முற்பணத்துடன் விற்பனை உடன்படிக்கையொன்றை மட்டும் எழுதிக்கொண்டு, உறுதி, மிகுதிப் பணம், சாவி ஆகிய மூன்றையும் ஒரே திகதிக்கு ஒத்திவையுங்கள். அது இயலாதாயின், வாங்கியவர் வீட்டை முறைப்படி ஒப்புக்கொண்ட பின்னர், குறித்த காலத்துக்குக் குறித்த வாடகைக்கு விற்றவருக்கே கொடுக்கலாம். அது விற்பனையுடன் பிணைக்கப்படாத வேறோர் ஒப்பந்தமாக இருத்தல் வேண்டும்.

"ஒப்புக்கொள்ளுதல்" என்று கூறினேன். அதற்கும் ஒரு வரையறை உண்டு. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜ் என்னும் நூலில், வாங்கியவர் வீட்டைக் கையாளத் தடையின்றி விட்டுக்கொடுப்பதுடன், விற்றவரின் சாமான்கள் அகற்றப்பட்டிருப்பதையும் நிபந்தனையாகக் கூறுகின்றார்கள். சாவியைக் கையில் தந்துவிட்டு, பின்னறையில் அலுமாரியையும் கட்டிலையும் பூட்டி வைத்தால், அந்த அறை இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. ஒப்படைக்கும் முன் வீடு அழிந்தால், நமது மத்ஹபின்படி நட்டம் விற்றவரையே சாரும். பெற்ற விலையை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட நமக்கு இது கற்பனைக் கேள்வியாகத் தோன்றாது.

சரி, குறித்த திகதியும் கடந்துவிட்டது, அவர் போகவில்லை. இப்போது என்ன செய்வது? வாங்கியவரின் சம்மதமின்றித் தங்கியிருப்பது பிறர் உடைமையை அபகரிப்பதாகும். அந்நாட்களுக்கு அவ்வூரில் அத்தகைய வீட்டுக்கு வழங்கும் வாடகையை அவர் கொடுக்கக் கடமைப்பட்டவர். "ஹஸரத், அது வட்டியாகாதா?" என்று சில இளைஞர்கள் கேட்பதுண்டு. ஆகாது. அது வீட்டைப் பயன்படுத்தியமைக்கான கூலி. ஆனால் வாங்கியவர் மிகுதிப் பணத்தைத் தாமதித்தால், அத்தாமதத்துக்காக விற்றவர் ஒரு ரூபாயேனும் கூட்டிக் கேட்பது வட்டியாகும். அவர் உண்மையில் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் கொடுக்குமாறு அல்குர்ஆன் (2:280) பணிக்கின்றது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "நீ பிந்தினாய், நானும் பிந்துகின்றேன்" என்று கணக்குத் தீர்ப்பதனாலேயே பல பிணக்குகள் முற்றிவிடுகின்றன.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மாத்திரமன்றி, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு மற்றும் இரு சாட்சிகளின் முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதுவே விதி. பள்ளிவாசல் திண்ணையில் கொடுத்த வாய்வார்த்தை அல்லாஹ்விடத்தில் வாக்குறுதியே. நீதிமன்றத்தில் அது நில்லாது. கடனையும் தவணையையும் எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் 2:282ஆம் வசனத்தை ஓதும் சமுதாயம், சட்டம் வற்புறுத்தும் வரை எழுதக் காத்திருப்பதேன்?

இளைஞர்களே! உறுதி நமது பெயரில் இருக்கின்றதென்று தண்ணீரை வெட்டுவதோ, சாமான்களை வீதியில் எறிவதோ கூடாது. அவ்வாறு செய்து சமாதானம் குலைந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ்ப் பொலிசார் நீதிமன்றம் செல்வர். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் குடியேற்றும்படி கட்டளை பிறக்கவும் கூடும். உரிமையை நிலைநாட்டும் இடம் மாவட்ட நீதிமன்றம். அதற்கு முன், இரு வீட்டாரும் மதிக்கும் நடுவர் ஒருவர்.

திகதியிட்டு எழுதிய பின்னரும் மனிதர் கையில் இல்லாத ஒரு நிலை வரலாம். வெளியேறுவதற்குச் சில நாட்கள் முன்பு வீட்டுக்காரர் வபாத்தாகிவிடுகின்றார். மனைவி இத்தா இருக்க வேண்டும். அது நான்கு மாதமும் பத்து நாட்களும். கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. புரைஆ பின்த் மாலிக் (ரழி) அவர்களின் கணவர் கொல்லப்பட்டபோது, அவர் சொந்த வீடெதனையும் விட்டுச் செல்லவில்லை. தம் குடும்பத்தாரிடம் செல்ல அனுமதி கேட்ட புரைஆவை, தவணை முடியும் வரை இருந்த வீட்டிலேயே இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). ஆதலால் வாங்கியவர் பொறுக்க முடியுமாயின் பொறுக்கட்டும். அம்மாதங்களுக்கு வாடகை பெறுவதும் விட்டுக்கொடுப்பதும் அவர் விருப்பம். தம் மகளின் நிகாஹ் நெருங்கியதால் அவராலும் பொறுக்க இயலவில்லையெனில், அந்த விதவைத் தாய் அருகிலுள்ள மற்றொரு வீட்டுக்கு மாறி எஞ்சிய நாட்களை அங்கு நிறைவு செய்யலாம். அவரது இத்தாவுக்கு அதனால் குறைவு ஏற்படாது.