அஜலு ஒழிப்பும் நில உரிமையும்

கர்நாடகத்தின் தென்கன்னடம், உடுப்பி மாவட்டங்களில் கொரகர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்து வருகின்றனர். காட்டுக் கொடிகளால் கூடை முடைதல் இவர்களது மரபுத் தொழிலாகும். மிகவும் நலிவுற்றவை என மத்திய அரசு இனங்கண்டுள்ள 75 பழங்குடிக் குழுக்களுள் இம்மாநிலத்தைச் சேர்ந்தவை இரண்டு. ஒன்று ஜேனு குருபர், மற்றொன்று கொரகர்.

இம்மக்கள் மீது தலைமுறைகளாகச் சுமத்தப்பட்டு வந்த வழக்கம் ‘அஜலு’. பிறரைப் பீடிக்கும் நோயும் தீங்கும் கொரகரிடம் சென்று சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கையால், முடி, நகம் ஆகியவை கலந்த உணவு அவர்களுக்கு உண்ணக் கொடுக்கப்பட்டது. கம்பளா எனப்படும் எருமைப் பந்தயம் தொடங்குமுன், எருமைகளைப் போல் ஓடும்படியும் அவர்கள் பணிக்கப்பட்டனர். பிறப்பின் அடிப்படையில் மனிதரை இழிவுபடுத்தும் பாகுபாட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சட்டத்தின் துணை

தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது விதியும், நலிந்த பிரிவினரைச் சுரண்டலினின்று காக்குமாறு அரசைப் பணிக்கும் 46ஆவது விதியும் இத்துறையில் அடிப்படையானவை. எல்லா வகையான இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான 1965ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1968இல் ஏற்று உறுதி செய்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் உண்ணத்தகாத பொருளை உண்ணும்படி கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்கியது.

எனினும் அஜலு வழக்கத்தில் கட்டாயம் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. சிறிது அரிசிக்காகவும் சில நாணயங்களுக்காகவும் கொரகர் தாமாகவே முன்வருவது போன்ற தோற்றமே எஞ்சும். ஆகவே, அவ்வழக்கத்தையே பெயர் சுட்டித் தடை செய்யும் தனிச் சட்டம் 2000ஆம் ஆண்டில் கர்நாடகச் சட்டமன்றத்தால் இயற்றப்பட்டது.

தடையும் வாழ்வாதாரமும்

பெங்களூரின் விதான சௌதாவில் நிறைவேறிய சட்டம், ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலோரச் சிற்றூரில் பயன்தர வேண்டுமாயின், அதைப் பயன்படுத்தும் வலிமை அங்குள்ள எளிய குடும்பத்துக்கு இருத்தல் வேண்டும். நிலமற்ற கூலியாள், தனக்கு வேலை தருபவர்மீது புகார் கொடுக்கத் தயங்குவது இயல்பே. பிளாஸ்டிக் பொருள்களின் வரவால் கூடைத் தொழிலும் நலிந்துவிட்ட நிலையில் இச்சார்பு மேலும் இறுகியது.

இதனை உணர்ந்தே, 1990களில் பேராசிரியர் முகமது பீர் தலைமையிலான குழு, ஒவ்வொரு கொரகர் குடும்பத்துக்கும் 2.5 ஏக்கர் விளைநிலம் வழங்கப் பரிந்துரைத்தது. ஆயினும் நிலம் பெறாத குடும்பங்கள் இன்றும் உள்ளன. அரசு வழங்கும் நிலம் பிறர் கைக்கு மாறாதிருக்க 1978ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் வழிவகை செய்துள்ளது. அரசின் முன் அனுமதியின்றி அத்தகைய நிலத்தை விற்க இயலாது. ஆனால் நிலமே பெறாதவருக்கு இக்காப்பினால் பயனில்லை.

சோலிகரின் அனுபவம்

உரிமை கைக்கு வரும்போது நிலைமை மாறுவதைச் சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன மலையில் காணலாம். காட்டு உயிரினப் பாதுகாப்பின் பெயரால் அங்குள்ள சோலிகர், தேனும் நெல்லியும் சேகரித்து விற்க இயலாது தடுக்கப்பட்டனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2011இல் அவர்களது சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றனுள் இவ்வுரிமை வழங்கப்பட்டது நாட்டிலேயே அதுவே முதன்முறை. காட்டின்மீது உரிமை பெற்றவர்கள், அதனைக் காக்கும் பொறுப்பையும் கிராம சபைகளின் வாயிலாகப் பெற்றனர்.

நிர்வாகத்தின் கடமை

ஒரு மாவட்டத்தில் அஜலு குறித்த வழக்கு எதுவும் பதிவாகவில்லை என்பது இரு பொருள் தரக்கூடியது. வழக்கம் மறைந்திருக்கலாம், அன்றிப் புகார் கொடுக்கும் துணிவு மறைந்திருக்கலாம். எனவே வழக்குகளின் எண்ணிக்கையோடு, பட்டா பெற்ற குடும்பங்கள் எத்தனை, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தாத சிறார் எத்தனை பேர் என்பனவற்றையும் அதிகாரிகள் ஆண்டுதோறும் ஆராய வேண்டும். நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுக்கென மத்திய அரசு 2023இல் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம், வீடு, குடிநீர், சாலை, கல்வி ஆகியவற்றை ஒருங்கே வழங்க முற்படுகிறது. இதனோடு நில வழங்கலும் இணையுமாயின், இழிவான சோற்றை மறுக்கும் ஆற்றல் கொரகருக்குத் தம் சொந்த விளைச்சலிலிருந்தே கிடைக்கும்.