நீலநாக்கு அரணைக்கு என்ன வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டோடு கொஞ்சம் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கு நன்கு பழக்கமான பிராணி நீலநாக்கு அரணை. வெயில் ஏறும் நேரத்தில் புதருக்குள்ளிருந்து மெல்ல வெளியே வரும். சிமென்ட் நடைபாதையில் வயிற்றைப் பதித்து, உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு படுத்திருக்கும். வளர்ந்த அரணை தலையிலிருந்து வால் நுனி வரை 60 செ.மீ. வரைகூட இருக்கும். உடல் அத்தனை தடித்து நீண்டிருக்க, கால்கள் மட்டும் குட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாயோ மனிதரோ கிட்டே போனால் புஸ்ஸென்று சீறி, வாயை அகலத் திறந்து, பளீரென்ற நீல நாக்கை வெளியே தள்ளும். நம் ஊர்க் கொல்லைகளில் சருகுக்கடியில் பளபளத்து ஓடி மறையும் அரணையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும்.

அரணை கடித்தால் மரணம், நக்கினால் மரணம் என்று நம்மிடையே காலங்காலமாக ஒரு பயம் உண்டு. உண்மையில் அரணைகளுக்கு விஷம் கிடையாது. அதிலும் நீலநாக்கு அரணை நிதானமானது. மனிதர்களோடு எளிதில் பழகக்கூடியது. அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் இதை வீட்டில் வளர்க்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டுகள் நம்மோடு இருக்கும்.

வளர்க்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள்: எத்தனை டிகிரி சூடு வேண்டும், என்ன தீனி போட வேண்டும்? இரண்டுக்கும் விடை உண்டு. ஆனால் ஊர்வனவற்றைப் பற்றிக் கடந்த அறுபது ஆண்டுகளில் அறிவியல் கண்டறிந்தவற்றைச் சேர்த்துப் படித்தால் வேறொன்று புலப்படும். இந்தப் பிராணி தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போய் எடுத்துக்கொள்ளும் உடலமைப்பு கொண்டது. சூடோ, வெளிச்சமோ, மறைவிடமோ, தேர்ந்தெடுக்க வழியிருந்தால் அது ஆரோக்கியமாக இருக்கும். அந்த வழியை அமைத்துக் கொடுப்பதுதான் வளர்ப்பவரின் முதல் வேலை.

இரண்டு அறைகளுக்கு நடுவே

அரணைக்கு உடம்புக்குள் அடுப்பு இல்லை. நாம் சாப்பிடும் உணவில் பெரும்பகுதி உடலைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவாகிறது. அரணை அந்தச் சூட்டை வெளியிலிருந்து பெறுகிறது. அதனால் இதைக் குளிர்ந்த இரத்தப் பிராணி என்று சொல்லிவிடுகிறோம். சொல்லும்போது, சுற்றுப்புறம் எப்படியோ உடம்பும் அப்படியே என்றுதான் தோன்றும். அது சரியல்ல என்பதை 1967-இல் நீலநாக்கு அரணையை வைத்தே நடந்த ஒரு சோதனை காட்டியது.

ஹேமல், கால்டுவெல், ஆப்ரம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் நடத்திய சோதனை அது. அரணைகளை விட்ட இடத்தில் ஒரு பக்கம் 45 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 15 டிகிரி. முன்னதில் அதிக நேரம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. பின்னதில் இருந்தால் உடல் மரத்துப்போகும். இரண்டுமே வாழத் தகுந்தவை அல்ல. ஆனால் அரணைகள் இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போய்வந்து, தங்கள் உடல்சூட்டை 30-க்கும் 37-க்கும் இடையே பிடித்து வைத்துக்கொண்டன. ஆய்வாளர்கள் அடுத்து மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் செயற்கையாகச் சூடாக்கினார்கள். உடம்பு இன்னும் போதிய அளவு சூடாகாதபோதே அரணை வெப்பமான பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டது. அதே இடத்தைக் குளிரவைத்தபோது வழக்கத்தைவிட அதிக நேரம் சூட்டிலேயே தங்கியது. வெப்பத்தை அளந்து பார்க்கும் பகுதி மூளையில் இருக்கிறது. அதன் கட்டளையை நிறைவேற்றுபவை கால்கள்.

அரணையை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியை எப்படி அமைப்பது என்பதற்கு விடை இந்தச் சோதனையிலேயே இருக்கிறது. தொட்டி முழுவதையும் ஒரே சீராக 32 டிகிரியில் வைப்பது நல்லதுபோலத் தோன்றும்; ஆனால் அரணைக்கு அது கெடுதல். இரை செரிக்கும்போது அதிகச் சூடு தேவை, ஓய்வெடுக்கும்போது குறைவு போதும். நாள் முழுதும் ஒரே சூடு என்றால் அந்த மாற்றத்துக்கு வழியே இல்லாமல் போகிறது. ஒரு முனையில் மட்டும் வெப்ப விளக்கு இருக்கட்டும். அதன் நேர் கீழே 35 முதல் 38 டிகிரி, மறுமுனையில் 25 டிகிரி அளவு என்று படிப்படியாக இறங்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிடலாம். வீட்டுக்குள் 20 டிகிரிக்குக் கீழே போகாதவரை ஆரோக்கியமான அரணைக்குத் தொல்லையில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு நீளம் தேவை. வளர்ந்த ஓர் அரணைக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம் என்பது குறைந்தபட்ச அளவு. இது மரம் ஏறும் பிராணியல்ல. உயரத்தைவிடத் தரைப் பரப்புதான் முக்கியம். விளக்கோடு தெர்மோஸ்டாட் கட்டாயம் இருக்க வேண்டும். மின்சாரத்தில் சூடேறும் செயற்கைக் கற்களை வாங்கவே வேண்டாம். அவற்றின் மேல் படுத்து வயிறு வெந்துபோன ஊர்வன ஏராளம்.

காய்ச்சலைத் தேடிப் போகும் பல்லி

அரணைக்கு உடம்பு சரியில்லாதபோது இந்த ஏற்பாட்டின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். நமக்குக் கிருமி தொற்றினால் உடம்பு தானாகவே காய்கிறது. உள்ளிருந்து சூடு உண்டாக்க முடியாத பிராணிக்குக் காய்ச்சல் எப்படி வரும்?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ குளூகர் குழுவினர் 1974-இல் பாலைவன இகுவானா என்னும் பல்லியினத்தில் இதைச் சோதித்தார்கள். பாக்டீரியாவைச் செலுத்தியதும் அந்தப் பல்லிகள் வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தன. தங்கள் காய்ச்சலைத் தாங்களே வெளியிலிருந்து வாங்கிக்கொண்டன. நோயுற்ற பல்லிகளைக் குளிர்ந்த சூழலிலேயே அடைத்து வைத்தபோது அதிகம் செத்தன என்றும், சூடான சூழலில் இருந்தவை அதிகம் பிழைத்தன என்றும் அடுத்த ஆண்டு அவர்கள் காட்டினார்கள்.

அரணைக்கு நோய் வந்த பிறகுதான் நாம் அதைக் கவனிக்கிறோம். ஆனால் அதன் சிகிச்சையின் முதல் பகுதி தொட்டிக்குள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். வெப்ப முனை பகல் முழுதும் போதிய அளவு சூடாக இருக்க வேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான். குளிரான, ஈரம் தேங்கிய தொட்டிகளில் இருக்கும் அரணைகளுக்கு அடிக்கடி வருவது சுவாசத் தொற்று. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி வருவது, மூச்சோடு கீச்சென்ற ஒலி கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். இவை தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

சூட்டோடு சேர்த்து வெயில் இன்னொன்றையும் கொடுக்கிறது. புற ஊதா ‘பி’ கதிர்கள் தோலில் பட்டு வைட்டமின் டி3 உருவாகிறது. அந்த வைட்டமின் இல்லாமல் உணவிலுள்ள கால்சியம் உடம்பில் சேராது. சேராவிட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். தாடை மெத்தென்று ஆகும், கால்கள் வளையும், உடல் நடுங்கும். வளர்ப்பு ஊர்வனவற்றில் மிகப் பரவலான இந்த எலும்பு நோய், பெரும்பாலும் வளர்ப்பவர் தவிர்த்திருக்கக்கூடியது.

ஜன்னல் ஓரத்தில் தொட்டியை வைத்தால் வெயில் படுமே என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிர்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. சூடு மட்டும் உள்ளே வந்து தொட்டியைக் கொதிக்க வைக்கிறது. ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புற ஊதா குழல் விளக்குதான் வேண்டும். அது பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே கதிரின் அளவு குறைந்துகொண்டே வரும். எனவே தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில், மாற்றிவிட வேண்டும்.

இதிலும் தேர்வு உண்டு. மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளை வைத்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், உணவில் டி3 குறைவாகக் கிடைத்தவை புற ஊதா ஒளியில் அதிக நேரம் காய்ந்தன. நிறையக் கிடைத்தவை ஒளியிலிருந்து விலகிக்கொண்டன. ஆகவே விளக்கு தொட்டியின் ஒரு பகுதியில் மட்டும் விழட்டும், நிழலும் இருக்கட்டும்.

அந்த நீல நாக்கின் இரகசியமும் இதே ஒளியில்தான் இருக்கிறது. அது புற ஊதா கதிர்களையும் எதிரொளிக்கிறது. நுனியைவிட உட்பகுதி அதிகம் மின்னுகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அரணையின் எதிரிகளான பறவைகளால் புற ஊதா ஒளியைக் காண முடியும். எதிரி மிக அருகில் பாய்ந்து வரும் கடைசி நொடிக்காகவே நாக்கை முழுதாக நீட்டிக் காட்டுவதை அரணை ஒதுக்கி வைத்திருக்கிறது. வீட்டில் வளரும் அரணை உங்களைப் பார்த்து நாக்கை முழுதும் நீட்டிச் சீறினால், அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு படம் பிடிக்க வேண்டாம். உயிர்பயத்தில் அது காட்டும் கடைசி எச்சரிக்கை அது. சாதாரணமாக நுனி நாக்கை மட்டும் நீட்டி நீட்டி இழுத்துக்கொள்வது வேறு. அப்போது நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள வாசனையை எடுத்து அண்ணத்தில் உள்ள மோப்ப உறுப்புக்குக் கொண்டுபோகிறது.

நத்தை தின்னும் தாடை

ஓர் அரணை நத்தை தின்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முதலில் நாக்கால் இரண்டு மூன்று முறை தொட்டு உறுதி செய்துகொள்ளும். பிறகு நத்தையைக் கவ்வித் தலையைச் சற்றுத் தூக்கும். தாடை இறுகும், ஓடு நொறுங்கும் சத்தம் அறை முழுதும் கேட்கும். நத்தையை வாய்க்குள்ளேயே புரட்டி, ஓட்டுத் துண்டுகளில் பெரும்பகுதியை நாக்கால் வெளியே தள்ளிவிட்டுச் சதையை விழுங்கும். வேகமாக ஓடும் இரையைத் துரத்த இதன் கால்களால் முடியாது. மெதுவான இரையும் செடிகொடிகளும் இதன் இயற்கை உணவு. வண்டு, நத்தை, பூ, உதிர்ந்த பழம், சில வேளைகளில் செத்த பிராணியின் சதை, எல்லாம் தின்னும்.

வீட்டிலும் அந்தக் கலவைதான் வேண்டும். வளர்ந்த அரணைக்கு ஏறக்குறையப் பாதி காய்கறியும் கீரையும், மீதியில் பெரும்பகுதி கரப்பான், சுவர்க்கோழி, வேகவைத்த முட்டை, கொழுப்பில்லாத இறைச்சி, கொஞ்சம் பழம். பூசணி, பீன்ஸ் நல்லவை. பசலைக்கீரையிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் அதைத் தினமும் தரக் கூடாது. வெங்காயமும் அவகாடோவும் வேண்டவே வேண்டாம். பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு; அரணைக்குத் தேவையோ பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு கால்சியம். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் இரையின் மேல் கால்சியம் பொடி தூவுகிறார்கள். தோட்டத்து நத்தைகளைப் பிடித்துப் போடுவதும் ஆபத்து. பக்கத்து வீட்டில் வைத்த நத்தைக்கொல்லி மருந்தை அவை தின்றிருக்கலாம்.

குட்டிக்கு அடிக்கடி உணவு வேண்டும். வளர்ந்ததற்கு வாரம் ஒரு முறை அல்லது இரு முறை போதும். தன்னைச் சூடாக்கிக்கொள்ள உணவை எரிக்காத உடம்பு என்பதால் மிச்சமெல்லாம் கொழுப்பாகச் சேரும். கேட்கிறதே என்று தினமும் போடுவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

மறைவிடமும் தோலும்

சிட்னியின் புறநகரில் நீலநாக்கு அரணைகளின் மேல் சிறு ரேடியோ கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தவர்கள் 2001-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டுத் தோட்டங்களிலேயே பல மறைவிடங்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே புதர் வழியாகவே நடமாடி, தார்ச்சாலையைக் கடப்பதைத் தவிர்த்து இந்த அரணைகள் நகரத்தில் பிழைத்திருக்கின்றன. ஆகவே தொட்டியிலும் ஒரே ஒரு மறைவிடம் போதாது. சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் பாதுகாப்பா, தேவையான வெப்பமா என்று ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பெற வேண்டியிருக்கும். மறைவிடம் அரண்மனையாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே புகுந்தால் இரு பக்கமும் உடம்பில் படும் அளவுக்கு நெருக்கமாக இருப்பதுதான் இதற்குப் பிடிக்கும். தரையில் பத்து செ.மீ. ஆழத்துக்காவது தோண்டிப் புதைந்துகொள்ளக்கூடிய மண்கலவை இருக்கட்டும்.

தோல் உரிக்கும் நாட்களில் விரல்களைக் கூர்ந்து பாருங்கள். உடம்பின் தோல் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். விரல் நுனியில் மட்டும் பழைய தோல் மெல்லிய வளையமாகத் தங்கிவிடுவதுண்டு. அது காய்ந்து சுருங்கி இரத்த ஓட்டத்தை நிறுத்தினால் விரலே கருகி விழுந்துவிடும். வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீரில் சிறிது நேரம் நிற்க வைத்து, ஊறிய பிறகு மெல்லத் தேய்த்து எடுக்கலாம். காய்ந்த தோலைப் பிய்க்கக் கூடாது. எவ்வளவு ஈரப்பதம் வேண்டும் என்பது இனத்தைப் பொறுத்தது. வட ஆஸ்திரேலிய இனத்துக்கு வறண்ட காற்று ஒத்துக்கொள்ளும். இந்தோனேசியத் தீவுகளின் இனங்களுக்கு 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும். வாங்கும் முன்பே எந்த இனம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துணை தேவையா?

தனியாக இருக்கிறதே, இன்னொன்றைச் சேர்த்து விடலாமா என்று பாசத்தோடு கேட்பவர்கள் உண்டு. இதன் நெருங்கிய உறவான குட்டைவால் அரணை ஆண்டுதோறும் அதே துணையைத் தேடிச் சேருகிறது. சில ஜோடிகள் இருபது ஆண்டுக்கும் மேல் அப்படிச் சேர்ந்ததைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்து மைக்கேல் புல் தம் நீண்டகால ஆய்வில் பதிவு செய்தார். ஆனால் அந்த ஜோடிகளும் வசந்தகாலச் சில வாரங்கள் சேர்ந்திருந்துவிட்டுப் பிரிந்து போகும். நீலநாக்கு அரணையோ குட்டியாக இருக்கும்போதே தனித்து வாழத் தொடங்குகிறது. தாய் முட்டையிடுவதில்லை, உயிருள்ள குட்டிகளையே ஈனும். ஒரே ஈற்றில் 25 வரைகூடப் பிறக்கும். பிறந்த சில நாட்களில் அவை கலைந்து போய்விடும். ஒரே தொட்டியில் இரண்டை அடைத்தால் விலகிப் போக வழியில்லாமல் சண்டையிட்டு, விரலையும் வாலையும் இழக்கும். இதற்குத் தனிமையே நிம்மதி.

கையில் எடுப்பதிலும் அதன் விருப்பத்துக்கு இடம் கொடுங்கள். மேலிருந்து பாய்ந்து பிடிக்கும் கை அதற்குப் பருந்தாகத்தான் தெரியும். பக்கவாட்டில் கையைத் தரையோடு வைத்துக் காத்திருந்து, அது நாக்கால் தொட்டுப் பார்த்த பிறகு, நான்கு கால்களும் வயிறும் தாங்கப்படும்படி எடுக்க வேண்டும்.

காட்டில் இருப்பதைப் பிடித்துவந்து வளர்ப்பது எந்த ஊரிலும் சரியல்ல. நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க அரசு உரிமம் வேண்டும்; காட்டிலிருந்து பிடிப்பது குற்றம். உயிருள்ள உள்நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய ஆஸ்திரேலியாவில் அனுமதியே இல்லை. நம் தோட்டத்து அரணையும் நம் தோட்டத்திலேயே இருக்கட்டும்.

அரணைக்கு முகபாவம் கிடையாது. வலித்தாலும் குரல் எழுப்பாது. அது நிம்மதியாக இருக்கிறதா என்பதை அது எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் அறிய முடியும். காலையில் விளக்கடியில், உண்ட பின் மறுபடி சூட்டில், மதியம் நிழலில், இடையிடையே நாக்கை நீட்டி மண்ணைத் துழாவிக்கொண்டு என்று இடம் மாறிக்கொண்டே இருந்தால் நீங்கள் அமைத்த வீடு சரியாக இருக்கிறது. நாள் கணக்காக ஒரே மூலையில் கிடந்தாலோ, ஓயாமல் கண்ணாடியைப் பிறாண்டினாலோ, அரணையைக் குறை சொல்லாமல் வெப்பமானியைக் கையில் எடுங்கள். அது தேடும் ஏதோ ஒன்று அந்த நான்கடிக்குள் இல்லை. அதைக் கண்டுபிடித்து உள்ளே சேர்ப்பது உங்கள் பொறுப்பு.