அடைக்கு வைக்கப் பெரிய முட்டை எதற்கு?

கோழிக்கு வயது ஏறினால் முட்டை பெரிதாகும், ஓடு மெலியும். நாங்குநேரி பக்கம் கொல்லையில் பத்து, இருபது கோழி வளர்ப்பவர்களுக்கும் இது தெரிந்ததுதான். இரண்டாம் ஆண்டில் கீறல் முட்டையும் தோல் முட்டையும் கூடுகின்றன. உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு தண்ணீராகப் பரவுகிறது. 'கோழி கிழடாகிவிட்டது' என்று விற்றுவிடுகிறோம். ஆனால், ஒரே வயதில் ஒரே தீனி தின்னும் கோழிகளில் ஒன்றிரண்டு, மூன்றாம் ஆண்டிலும் கெட்டியான ஓட்டுடன் முட்டையிடும். அவற்றையும் சேர்த்து விற்பதுதான் நஷ்டம்.

ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரமாகும். அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. இரைப்பை காலியான பிறகு கோழி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக் கொடுக்கிறது. வயது கூடும்போது முட்டையின் எடை ஏறுகிறது. ஓட்டுக்கான சுண்ணாம்பு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஒரே கரண்டி மாவில் பெரிய தோசை வார்த்தால் மெலிந்துதானே போகும்?

இதில் மரபின் பங்கு கணிசமானது. முட்டையின் எடை தாயிடமிருந்து குஞ்சுக்கு வலுவாக இறங்கும் குணம். ஓட்டின் உறுதி அதைவிடக் குறைவாக இறங்கினாலும், தேர்வு செய்து முன்னேற்றும் அளவுக்கு இறங்குகிறது. சுண்ணாம்புப் படிகங்களை ஒழுங்காக அடுக்க உதவும் ஓவோக்ளைடின் போன்ற புரதங்களின் மரபணு வேறுபாடுகளுக்கும் ஓட்டின் தரத்துக்கும் தொடர்பு இருப்பதை, ரோட் ஐலண்ட் ரெட் கோழிகளில் நடந்த ஆய்வு 2009-ல் காட்டியது. ஒரு முட்டைக்கோழியை 72 வாரம் வைத்திருப்பதே முன்பு பண்ணைக் கணக்கு. இன்று உலகின் பெரிய இனப்பெருக்க நிறுவனங்கள் 100 வாரத்தில் 500 முட்டை என்பதை இலக்காக வைத்துள்ளன. அதற்காக இளங்கோழியின் முட்டையை மட்டும் பார்க்காமல், கிழட்டுக் கோழியின் முட்டையையும் சோதித்தே தாய்க்கோழியைத் தேர்கிறார்கள்.

நாம் செய்வது இதற்கு நேர் எதிர். அடைக்கு வைக்கக் கூடையில் இருப்பதிலேயே பெரிய முட்டையாகப் பொறுக்குகிறோம். பெரிய முட்டையிடும் குணத்தையும் அதனுடன் மெல்லிய ஓட்டையும் நாமே பெருக்குகிறோம். மெல்லிய ஓட்டில் ஈரம் வேகமாக வெளியேறுவதால் குஞ்சு பொரிப்பதும் குறைகிறது.

நடுத்தர அளவு முட்டையே போதும். அதைவிட, யார் இட்ட முட்டை என்று தெரிவது முக்கியம். கோழிக்குக் காலில் வண்ண வளையம் மாட்டி, முட்டையில் பென்சிலால் குறியிடுங்கள். இரவில் செல்போன் டார்ச்சில் வைத்துப் பார்த்தால் மயிரிழைக் கீறலும் தெரியும். இரண்டு வயது கடந்தும் கீறலில்லாமல் இடும் கோழியின் முட்டைகளை அடைக்கு ஒதுக்கலாம். சேவலையும் மறக்கக் கூடாது. அது முட்டையிடாது; ஆனால் பெட்டைக் குஞ்சின் மரபில் பாதி அதனுடையது. நல்ல கிழட்டுக் கோழியின் மகனையே சேவலாக வையுங்கள். அதைத் தாயுடனோ உடன்பிறந்த பெட்டைகளுடனோ விடாமல், பக்கத்து ஊரில் இதேபோல் தேர்ந்தவரிடம் மாற்றிக்கொள்வது நல்லது.

எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் மெல்லிய ஓடு இட்டால் மரபைக் குறை சொல்ல வேண்டாம். சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும் கோழியின் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓட்டுக்கான கார்பனேட் போதாமல் போகிறது. உப்புக் கிணற்றுத் தண்ணீரும் ஓட்டை மெலியவைக்கும். நிழல், குளிர்ந்த நல்ல தண்ணீர், சாயங்காலத் தீனியுடன் நொறுக்கிய கிளிஞ்சல் ஆகியவை வேண்டும். கிளிஞ்சலைப் பொடியாக்காமல் சிறு துண்டுகளாகக் கொடுத்தால் இரவெல்லாம் மெல்லக் கரைந்து உதவும்.

கடையில் வாங்கும் பண்ணை வெள்ளை முட்டை கரு கூடாதது, அடைக்கு ஆகாது. கலப்பினக் கோழியைச் சேவலுடன் விட்டுக் குஞ்சு எடுத்தாலும் தாயின் குணம் அப்படியே வராது. ஆகவே இந்தத் தேர்வு சிறுவிடை போன்ற நாட்டு இனங்களுக்கே பொருந்தும். முட்டை ஓடு திடீரெனச் சுருங்கி, வெள்ளைக்கருவும் நீர்த்துப்போனால் அது நோயாக இருக்கலாம். உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியையும் அணுகலாம்.