ஒலிம்பிக்கா, மோகன் பகானா?

புது தில்லி: இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் கடைசியாக ஆடியது 1960-இல், ரோம் நகரில். அதற்கு முன், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அங்கு ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசோசா அடித்த மூன்று கோல்களை இன்று நினைவுகூர்வோர் சிலரே. ஆனால், 1911-இல் மோகன் பகான் ஐஎஃப்ஏ கேடயம் வென்ற ஜூலை 29 ஆண்டுதோறும் கொல்கத்தாவில் கொண்டாடப்படுகிறது. இத்தனைக்கும், ரோமில் அணித்தலைவராக இருந்த பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே வீரர். மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ ஆடியதே இல்லை.

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு ஆகியவற்றுக்கு வீரர்களை விடுவித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. 2008-இல் மெஸ்ஸி விஷயத்தில் பார்சிலோனாவுக்குச் சாதகமாகவே விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், கிளப் அனுமதித்தது. ஆர்ஜென்டீனா தங்கம் வென்றது.

இங்கு நிலைமை வேறு. 2023 ஹாங்சௌ ஆசிய விளையாட்டின்போது, ஐஎஸ்எல் தொடங்கும் நேரம் என்று பல கிளப்புகள் மறுத்துவிட்டன. அவசரமாகத் திரட்டப்பட்ட அணி, சீனாவிடம் 1-5 எனத் தோற்றது.

ஊதியம் தருவது கிளப். வீரர் காயமடைந்தால் நஷ்டமும் அதற்கே என்ற ரசிகர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. தோல்விக்குப் பின் சம்மேளனத்தை மட்டும் சாடுவதுதான் வேடிக்கை. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் கால்பந்தில் 12 அணிகளுக்கே இடம்.