கூட்டலில் பிசகும் இயந்திரம்

பில்லில் கூட்டல் பிசகினால் சரக்கு எடுத்தவர் நம்மைச் சும்மா விடமாட்டார். ஆனால் மனிதனைப்போல நடிக்க வேண்டிய இயந்திரத்துக்குப் பிசகவும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்துக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1950-இல் எழுதிய கட்டுரையில் ஒரு மாதிரிக் கேள்வி: 34957-உடன் 70764-ஐக் கூட்டுக. சுமார் 30 விநாடி தயங்கி 105621 என்று பதில் வருகிறது. கூட்டிப் பாருங்கள், 100 குறையும்! உடனே சரியாகச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

குரல் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பதில்களைத் தட்டச்சில் தரச் சொன்னார் டூரிங். இன்றோ இயந்திரம் பழகிய வாடிக்கையாளரின் குரலிலேயே பேசும். பழைய பாக்கியைக் கேட்டுச் சோதிக்கலாமென்றால், அதற்கு மனிதர்களே தயங்கித்தான் பதில் சொல்கிறார்கள்! போனில் பெரிய ஆர்டர் வந்தால் வைத்துவிட்டு, நம் நோட்டிலுள்ள நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்டபின் லோடு ஏற்றுவோம்.