டக்கோட்சுபோ இதயத்தசை நோய்

டக்கோட்சுபோ இதயத்தசை நோய் என்பது கடுமையான மன அதிர்ச்சி அல்லது உடல் நெருக்கடியைத் தொடர்ந்து, இதயத்தின் இடது கீழறைத் தசை திடீரெனத் தற்காலிகமாக வலுவிழக்கும் நிலை ஆகும். இதன் அறிகுறிகள் மாரடைப்பை ஒத்தவை.

பெயர்

1990 இல் ஜப்பானிய மருத்துவர் இக்காரு சாட்டோவும் குழுவினரும் இந்நோயை விவரித்தனர். 'டக்கோட்சுபோ' என்பது ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபசு பிடிக்கப் பயன்படுத்தும், கழுத்து குறுகி அடி உருண்ட பானை. நோயின்போது இடது கீழறையின் நுனிப்பகுதி சுருங்காமல் உப்பி நிற்பதால் இதயம் அவ்வடிவில் தோன்றுகிறது.

காரணம்

அதிர்ச்சியின்போது அட்ரினலின் போன்ற இயக்குநீர்கள் மிகுதியாகச் சுரந்து இதயத்தசையைத் தாக்குவதாகக் கருதப்படுகிறது. நெருங்கியவரின் மரணம், விபத்து, அறுவை சிகிச்சை, கடும் ஆசுத்துமா ஆகியவை இதைத் தூண்டலாம். அரிதாக, பெருமகிழ்ச்சியும் தூண்டுவதுண்டு. சிலரிடம் தூண்டுதல் எதுவும் புலப்படுவதில்லை. 2004 அக்டோபரில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபின் இந்நோய் கண்டவர்களின் எண்ணிக்கை அங்கு உயர்ந்தது. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற வயதினர்.

அறிகுறிகளும் நோயறிதலும்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை முதன்மை அறிகுறிகள். ஈசிஜியில் மாற்றம் தெரியும். இரத்தத்தில் டிரோப்போனின் அளவும் உயரும். இவை மாரடைப்பிலும் காணப்படுவதால், வீட்டில் இருந்தபடி இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆஞ்சியோகிராம் செய்யும்போது, தசையின் பாதிப்பை விளக்கக்கூடிய இரத்தக்குழாய் அடைப்பு காணப்படாது. எக்கோ பரிசோதனையில் கீழறையின் உப்பல் தெரியும்.

துக்க வீட்டில் ஒருவர் நெஞ்சுவலி என்றால், 'அழுத களைப்பு' என்று விட்டுவிடுவது ஆபத்தானது. இந்தியாவில் 108 ஐ அழைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவம்

தொடக்க நாள்களில் இதயச் செயலிழப்பு, இதயத்துடிப்புச் சீர்கேடு, கீழறையில் இரத்தக்கட்டி ஆகியவை ஏற்படலாம், உயிரிழப்பும் நேர்வதுண்டு. எனவே மருத்துவமனையில் தொடர் கண்காணிப்பு தேவை. நிலைமைக்கேற்ப பீட்டா தடுப்பிகள், சிறுநீர்ப்பெருக்கிகள், இரத்த உறைவெதிர்ப்பிகள் முதலியவை தரப்படுகின்றன. அட்ரினலின் வகை மருந்துகள் இயன்றவரை தவிர்க்கப்படும்.

பெரும்பாலோரின் இதயத்தசை சில வாரங்களில் பழைய வலுவைப் பெறுகிறது. மீண்டும் எக்கோ எடுத்து இது உறுதிசெய்யப்படும். சிலருக்கு நோய் திரும்ப வரக்கூடும் என்பதால் தொடர் பரிசோதனையும், துயரத்தைத் தனியே சுமக்க விடாத குடும்பத்தின் ஆதரவும், தேவையெனில் மனநல ஆலோசனையும் அவசியம்.